சாமந்தி மலையேறும் பண்

காசிநாதன் எழுதிவந்த நாவலில் எப்போது மழை பெய்ய வேண்டும், எப்போது வெயில் காய வேண்டும் என்பதை முடிவுசெய்தவள் அவர் மனைவி இசைவாணி. அவள் அதில் ஒரு வரியும் எழுதியதில்லை. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் உரிய பண்ணை, தேவாரம் பாடும் பழைய தமிழ் இராகத்தை, அவள்தான் தேர்ந்து கொடுத்தாள். பண் அமைந்த பிறகுதான் அவருடைய மைப்பேனா தாளில் கரகரக்கத் தொடங்கும்.

சின்னசேலம் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஒரு ரயில் போய் மறு ரயில் வருவதற்குள் நீண்ட நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் கதையை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். மாலையில் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தேறி வந்து, மொட்டை மாடியில் தேநீரோடு உட்கார்ந்து, மறுநாள் விடியலில் எழுதப்போவதை மனைவியிடம் சொல்வார். மேற்கே கல்வராயன் மலை பகலெல்லாம் சாம்பலாக இருந்துவிட்டு, அவர் கதை சொல்லும் வேளையில் நீலமாகும். அவள் கேட்டுக்கொள்வாள்; மறுமொழி சொல்ல மாட்டாள். பிறகு கை இரவுச் சமையலில் இருக்க, மனம் மட்டும் பண்களின் வரிசையில் ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்துக்கொண்டு போகும். விடிந்ததும் கைப்பேசியில் ஒரு பதிவைத் தேடி எடுத்து, ஹெட்போனோடு அவருடைய மேசைமேல் வைத்துவிடுவாள்.

பதிவுகளெல்லாம் அவளே பாடியவை. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சொல் எதுவும் இல்லாமல் பண்ணை மட்டும் விரித்து விரித்துப் பாடி, பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தவை. பண்களுக்குப் பொழுது உண்டு. பகலுக்கு உரியவை, இரவுக்கு உரியவை, இரண்டுக்கும் பொதுவானவை என்று முன்னோர் வகுத்த முறையை அவள் பூசை முறைபோலவே பேணினாள். எழுதுகிறவர் எந்நேரம் எழுதினால் என்ன, கதைக்குள் என்ன பொழுதோ அந்தப் பொழுதுக்கு உரிய பண்ணையே எடுத்துவைப்பாள்.

கதையின் நாயகி சாமந்தி என்னும் மலைப்பெண். அவள் தினைக்கொல்லையில் கிளி ஓட்டிய சிறுமியாக வந்த அத்தியாயம் குறிஞ்சிப் பண்ணில் எழுந்தது. சமவெளிக்காரன் ஒருவனை நம்பி, வீட்டுக்குத் தெரியாமல் மலையடிவாரத்து வடக்கனந்தலுக்கு இறங்கிவந்த அத்தியாயம் தக்கேசியில் எழுந்தது. கரும்புக் கொல்லையில் அவன் சுருண்டு விழுந்து இறந்த மாலைக்கு இசைவாணி செவ்வழியைக் கொடுத்தாள். எழுதி முடித்துவிட்டுக் காசிநாதன் அன்று சோறு உண்ணவில்லை. கார்கால இரவு ஒன்றுக்கு மேகராகக்குறிஞ்சி கொடுத்தாள். மழைக்கு உரிய அந்தப் பண் தாலாட்டுக்கும் உரியது. காசிநாதன் சில வரிகள் எழுதியதும் மேசைமேலேயே தூங்கிப்போனார். எழுந்து படித்தால், கதையில் சாமந்தி தூங்கிக்கொண்டிருந்தாள், கட்டிலடியில் ஆடு தூங்கிக்கொண்டிருந்தது, காவலுக்கு வைத்த நாயும் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாய எழுப்பணுமே வாணி. திருடன் வர்ற நேரம்," என்றார்.

"கெடக்கட்டும் வுடுங்க. மழையில அவன் மட்டும் எதுக்கு வரணும். நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றாள் அவள்.

இப்படியே நாவல் முக்கால் பங்கு வளர்ந்திருந்தபோது அவள் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. சேலத்தில் அறுவை நடந்தது. நல்லபடியாகவே முடிந்தது. குரல் மாறக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், மாறியது. பேசும்போது யாருக்கும் வேறுபாடு தெரியாது. பாட வாய் திறந்தால் தெரியும். ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் நின்று மேல் சட்சமத்தைப் பூக்கொய்வதுபோல் தொட்டுவந்த குரல், இப்போது பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. ஓரிடம் வந்ததும் இழை பிரிந்து, வெறுங்காற்றாகிப் போனது.

பிரதோஷந்தோறும் சிவன் கோயிலில் நந்தியெம்பெருமானுக்கு நீராட்டும் வேளையில் பதிகம் பாடுவது அவள் ஏற்றுக்கொண்ட தொண்டு. அறுவைக்குப் பிறகும் அவள் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் தூணுக்குப் பின்னால் நின்று உதடுகளை மட்டும் அசைத்தாள். குருக்கள் ஒருமுறை கூட்டத்துக்குள் கண்ணால் தேடினார். அவள் அகல்விளக்கின் திரியைத் தூண்டுவதுபோல் குனிந்துகொண்டாள். ஆண்டவன் கொடுத்ததை ஆண்டவன் எடுத்துக்கொண்டான், இதில் வழக்குப் பேச என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, வீட்டில் தனித்திருக்கும்போதுகூட ஒரு சுரம் இசைத்துப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

காசிநாதன் ஒருநாளும் அவளைப் பாடச் சொல்லவில்லை. பழைய பதிவுகள் கைப்பேசியில் நிறைந்து கிடந்தன. அவள் தேர்ந்து கொடுத்தாள், அவர் கேட்டு எழுதினார். அறுவைக்கு முன்னும் பின்னும் ஒன்றுபோலவே நடந்தது. கடைசி அத்தியாயம் வந்தபோதுதான் முட்டியது.

அந்த மாலை மாடியில் அவர் கதையைச் சொன்னார். சாமந்திக்கு வயதாகிவிட்டது. தலை நரைத்து, முழங்கால் தேய்ந்துவிட்டது. மலைமேல் அவளுடைய தங்கை இருக்கிறாள். அக்காள் இறங்கிப்போன அன்றே அவளைச் செத்தவளாக எண்ணித் தலைமுழுகிய வீடு அது. கதவு திறக்குமா திறக்காதா என்று தெரியாமல், முதல் பேருந்துக்கும் முந்திய விடியலில், சாமந்தி நடந்தே ஏறுகிறாள்.

"கதவு தொறந்துதா இல்லியான்னுகூட நான் எழுதப் போறதில்ல. அவ ஏறணும். அவ்ளோதான் கடைசி அத்தியாயம்."

விடியலுக்கு உரியது புறநீர்மை. இசைவாணி ஐயமே இன்றி அதைத் தேடி எடுத்து வைத்தாள். அவள் பாடியவற்றுள் மிகவும் தெளிந்த பதிவு அது. கேட்டால் கூரைமேல் வெளிச்சம் விழுவதுபோல் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் காசிநாதன் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு?"

"ஓடறா."

"யாரு?"

"சாமந்திதான். பாறைக்குப் பாறை தாவிக்கினு ஓடறா. கால்ல கொலுசு வேற. நான் போடவே இல்ல."

"கழட்டி வைங்க."

"கழட்டனேன். அடுத்த பாராவுல மறுபடியும் சத்தம் கேக்குது."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். தாளைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் பழம்பஞ்சுரம் வைத்தாள். அன்று சாமந்தியின் கூந்தல் கருகருவென்று முழங்கால்வரை இறங்கிவிட்டது. அடுத்து கௌசிகம். சாமந்தி ஓடையில் இறங்கி நீர் இறைத்து விளையாடினாள். இந்தளம் வைத்துப் பார்த்தாள். வழியில் ஓர் இளைஞன் எதிர்ப்பட்டான், கதைக்குள் அவனுக்கு எந்த வேலையும் இல்லை. காசிநாதன் அவனை ஒரு வளைவில் நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு வயசானவங்கள எழுத வரல வாணி. நான்தான் பெருசா நெனச்சிக்கினேன்."

"அப்டி இன்னா அவசரம்? வேற பண்ணு பாக்கறேன்."

"பண்ணு இன்னா பண்ணும். கை வரல." மைப்பேனாவைத் துடைத்து, மூடி போட்டு, இழுப்பறையில் வைத்தார். "இத்தோட நிறுத்திக்கறேன். கடைசி அத்தியாயம் இல்லாம எத்தினியோ கதை கெடக்குது உலகத்துல."

அன்று மாலை அவர் மாடிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தேநீரைக் கூடத்திலேயே குடித்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மலை தன்பாட்டுக்கு நீலமானது. பார்க்க ஆள் இல்லை. திருமணமான நாள்தொட்டு அந்த வேளைக்கென்றே தேநீரில் இஞ்சி கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப்போட்டு வந்தவள், இப்போது இஞ்சியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தன் குரல் போனதைவிட இது அவளை அதிகமாக அச்சுறுத்தியது.

பக்கத்து வீட்டுச் செலினா அப்போதுதான் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அரசு மருத்துவமனையில் செவிலியாக இருப்பவள். மாதா கோயில் பாட்டுக் குழுவிலும் பாடுகிறவள். மார்கழி பிறந்திருந்தது, கிறிஸ்துமஸ் ஒத்திகையும் தொடங்கியிருந்தது.

"வாணிக்கா, எங்க குழுவுல ஒரு ஆளு கம்மி. நீங்க வந்து நில்லுங்களேன்."

"நானா? என் குரல் போன கதை உனக்குத் தெரியாதா இன்னா."

"மேல் குரலுக்கு யாரு கூப்ட்டா. அங்க சின்னப் பொண்ணுங்கல்லாம் சேந்து கூரையப் பிச்சிக்கினு இருக்காங்க. எனக்குப் பக்கத்துல கீழ்க்குரலுக்குத்தான் ஆளு வேணும்."

"கீழ நின்னு முனவறதுக்கு நான் எதுக்கு?"

"பாத்தீங்களா, இதான் உங்ககிட்ட. உச்சியில ஏறி நின்னாத்தான் பாட்டு, இல்லாட்டி வாயவே தொறக்க மாட்டீங்க. ராணி." செலினா கறிவேப்பிலைக் கொத்தை முகர்ந்துகொண்டே சொன்னாள். "எங்க ஃபாதர் இருக்காரே, எங்க வரிசைய தவளைங்கன்னுதான் சொல்லுவாரு. தவள கத்தாம மழ வந்துடுமா ஃபாதர்னு நானும் கேட்டுட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு, பைபிள்ல தேடிக்கினு இருக்காரு."

இசைவாணி சிரித்தாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் காசிநாதன் குளிக்கப் போயிருந்தார். மேசையைத் துடைக்க வந்தவளின் காதில் மெல்லிய ஒலி ஒன்று விழுந்தது. நிறுத்திவிட்டேன் என்றவர் மனம் கேளாமல் மறுபடியும் புறநீர்மையைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கழற்றி வைத்த ஹெட்போனுக்குள் அது இன்னும் பாடிக்கொண்டிருந்தது. கொசுவின் ரீங்காரம்போல் சிறுத்து, ஆனால் பிழையின்றி, அவள் குரல்.

அவள் குனிந்து கேட்டாள். அந்தக் குரல் ஏறியது. இன்னும் ஏறியது. மேல் சட்சமத்தில் போய் நின்று, நிற்பது ஒரு வேலையே இல்லை என்பதுபோல் நின்றது. அந்த வீட்டில் தன்னையும் தன் கணவரையும் தவிர மூன்றாவதாக ஒரு பெண் இருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. விடியற்காலையில் தினமும் அவருடைய காதோடு பேசுகிற பெண். அவள்மேல் கோபம் வரவில்லை. பொறாமையும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒருபோதும் மூச்சு வாங்கியதில்லையே என்ற வியப்புத்தான் வந்தது.

துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். மூச்சு வாங்காதவள் மலையேறினால் வேறு எப்படி ஏறுவாள்? ஓடத்தான் ஓடுவாள். கொலுசு போடத்தான் போடுவாள்.

தவறு காசிநாதனுடையது அன்று. பண்ணுக்கு உரிய பொழுதை இம்மியும் பிசகாமல் பார்த்துக் கொடுத்தவள், அதைப் பாடிய குரலுக்கும் ஒரு பொழுது உண்டென்பதை மறந்துவிட்டாள். சாமந்திக்கு நரைத்துப் பலகாலம் ஆகியும், தன் இளமைக் குரலையே அவர் காதில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நரைத்தவள் ஏறுவதற்கு எந்தக் குரல் வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய், தையல் ஆறிய கோட்டைத் தொட்டது. அந்த உடைந்த குரலைக் கொடுப்பதைக் காட்டிலும் நாவல் அரைகுறையாகவே கிடக்கட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தாள்.

குளித்துவிட்டு வந்தவரிடம் வேறொன்றைச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம மலைக்குப் போய்ட்டு வரலாமா? அந்த வழிய ஒருதரம் பாத்தீங்கன்னா..."

"எழுதறவனுக்குத்தான் வழி வேணும். நான் நிறுத்திட்டேன்."

"எனக்குப் பாக்கணும்ங்க."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினார்கள். கச்சிராயபாளையம்வரை ஓட்டுநர் ஒரு குத்துப்பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். "இத வச்சி எழுதினா சாமந்தி ஏறவே மாட்டா, பஸ் கூரமேல நின்னு ஆடுவா," என்றார் காசிநாதன். பல நாளைக்குப் பின் அவர் சாமந்தியின் பெயரைச் சொன்னார். இசைவாணி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்துகொண்டாள். கோமுகி அணை கடந்ததும் பாட்டு இரைச்சலில் கரைந்தது. வளைவுகள் தொடங்கின. மேலே ஏற ஏறப் பனி கீழே இறங்கி வந்தது. மரங்களின் அடி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. ஒரு வளைவுக்கு முன் பேருந்து இருமி நின்றது.

"யாரும் பயப்படாதீங்க, வண்டி சூடாயிடுச்சி. கொஞ்சம் ஆறட்டும்," என்றார் நடத்துநர். சிலர் இறங்கி நடந்தார்கள்.

"நீ வேணா மேல போய் வளைவப் பாரு. என் முட்டி எனக்கே துரோகம் பண்ணுது," என்றார் காசிநாதன். "பஸ் வந்தா ஏத்திக்கறோம்."

அவள் நடந்தாள். கொஞ்சத் தூரத்தில் பேருந்தின் ஒலி பனிக்குள் அமிழ்ந்தது. தார்ச்சாலையின் ஓரத்து வெள்ளைக்கோடு மட்டும் அவளுக்கு முன்னே சென்றது. ஒருபக்கம் பாறை கசிந்துகொண்டிருந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து எங்கோ ஒரு பறவை ஒற்றைச் சுரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. குளிருக்கா, தனிமைக்கா தெரியவில்லை, அவள் தொண்டைக்குள் ஏதோ அசைந்தது.

தேர்ந்தெடுக்காமல் வந்தது அது. எந்தக் கட்டை என்று கேளாமல், பேசும் குரல் எங்கே இருக்குமோ அங்கேயே, அடிவயிற்றுக்கு அருகில், தாழ்ந்து எழுந்தது. சற்று நடந்த பிறகே பண் இன்னதென்று அவளுக்குப் புரிந்தது: செந்துருத்தி. கச்சேரிக்காரர்கள் மத்தியமாவதி என்பார்கள்; பாடியதில் நேர்ந்த குறையெல்லாம் பொறுத்தருளும்படி வேண்டி, முடிவில் பாடுவார்கள். பகலுக்கென்றும் இல்லாமல் இரவுக்கென்றும் இல்லாமல் எப்பொழுதுக்கும் பொதுவாக நின்ற பண். பொழுதில்லாத பண் என்பதனாலேயே அவள் நாவலில் அதற்கு இதுவரை இடம் கொடுத்ததில்லை.

ஏற்றத்தில் மூச்சு முட்டியது. ஓரிடத்தில் குரல் உடைந்து நின்றது. நின்றபோதுதான் முன்னால் அவளைப் பார்த்தாள்.

பனிக்குள் ஒரு பெண். தலையில் மூட்டை. சேலையின் நிறம் பனிக்கே போய்விட்டிருந்தது. அவளும் நின்றிருந்தாள்.

இசைவாணிக்கு உடல் சிலிர்த்தது. மெல்ல மறுபடியும் பண்ணை எடுத்தாள். அந்தப் பெண் நடந்தாள். பாட்டு ஏறியது, அவள் ஏறினாள். குரல் மறுபடி உடைந்தது. அவள் நின்றாள், திரும்பாமல், மூட்டையை ஒருகையால் பிடித்தபடி. இசைவாணி மூச்சைத் தேடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்க, முன்னால் இருந்த கால்கள் அந்தச் சுரத்திலிருந்தே அடியெடுத்து வைத்தன. கொலுசு இல்லை. ஓட்டம் இல்லை. வாராத கூந்தலைப்போல் பனி அவள் முதுகில் கிடந்தது. எழுதப்படாத கதையிலிருந்து எழுந்து, அந்த மலைச்சாலையில் யார் முன்னால் போகிறாள் என்பதில் இசைவாணிக்கு ஐயமே இருக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் கலைந்துவிடுவாள் என்று அஞ்சி, பாடிக்கொண்டே பின்தொடர்ந்தாள்.

வளைவில், சாலையோரத்துக் கைப்பிடிச் சுவரில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அருகில் வந்ததும் முகம் தெரிந்தது. வெற்றிலை போட்ட வாய்; இசைவாணியின் வயதே இருக்கும்.

"யாரும்மா நீ? பாடிக்கினே வர, பாதியில பாதியில நிறுத்திடற?"

இசைவாணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மூச்சு வாங்குதுங்க," என்றாள்.

"நீ நிறுத்தனா எனக்குப் பகீருங்குது. பனியில ஒண்ணும் தெரியல. பின்னால வராளா, பள்ளத்துல கால வுட்டுட்டாளான்னு. அதான் நின்னு நின்னு கேட்டேன். பாட்டு வந்துச்சி, நடந்தேன்."

"எனக்காகவா நின்னீங்க?"

"பின்ன, மாட்டுக்காகவா?" மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "அதே பஸ்ஸுதான் நானும். அது கெளம்பற வரைக்கும் ஒக்காந்துக்கினு இருந்தா என் ஆடுங்க கத்தியே மாளும். இருசம்மாள்னு கேளு, மேல எல்லாருக்கும் தெரியும். நீ இன்னா, பாட்டு டீச்சரா?"

"இல்லீங்க. முன்ன பாடுவேன். இப்ப நடுவுல நடுவுல குரல் போயிடுது."

"போவுது. அதான் திரும்பி வருதே," என்றாள் இருசம்மாள், பேச்சு அத்தோடு முடிந்ததுபோல், சுவருக்கு அப்பால் எச்சிலைத் துப்பிவிட்டு.

பனிக்குள் மஞ்சள் விளக்குகள் இரண்டு தோன்றின. பேருந்து முக்கி முனகி வந்து நின்றது. ஜன்னலில் காசிநாதன் கையசைத்தார். இருசம்மாள் மூட்டையோடு முன்னால் ஏற, இசைவாணி பின்னால் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வளைவு எப்டி இருக்குது?" என்று கேட்டார். "நல்லா இருக்குது," என்றாள். வீடு திரும்பும்வரை அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

மறுநாள் விடியலில் கோயில் ஒலிபெருக்கியின் மார்கழிப் பாட்டு ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓய்ந்ததும் இழுப்பறையைத் திறந்து மைப்பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹெட்போனைச் சுருட்டி அலமாரிக்குள் போட்டாள். அரைத்தூக்கத்தில் எழுந்து வந்த காசிநாதன் பேனாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எந்தப் பதிவு?"

"பதிவு இல்லீங்க. நான் சமையல்கட்டுலேர்ந்து பாடறேன். நீங்க இங்க ஒக்காந்து எழுதுங்க. எழுந்து வரக் கூடாது. நல்லா இருக்குதுன்னும் சொல்லக் கூடாது."

அவர் பேனாவின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார். கண்களில் நீர் கோத்துவிடுமோ என்று அவள் பயந்தாள். நல்லவேளை, அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"எந்தப் பண்ணு?"

"செந்துருத்தி."

"கதையில விடியக்காலமாச்சே."

"அதுக்குப் பொழுது கெடையாது. எழுதுங்க."

சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையிலிருந்து மூன்றுக்கு இறக்கினாள். இன்னும் அரைக் கட்டை இறக்கினாள். அந்த ஒலி தரைபோல் காலடியில் விரிந்தது. செலினாவின் தவளைகள் நினைவுக்கு வந்து, உதடு ஒருகணம் சிரித்தது. கைகூப்பி, கண்மூடி, பாடினாள்.

குரல் கரடுமுரடாக இருந்தது. ஈரம் காயாத விறகிலிருந்து எழும் புகைபோல் சுற்றிச் சுற்றித் தாழ்ந்தே வந்தது. கேட்கக் கூசியது. நிறுத்திவிடலாம் என்று நினைக்கும்போது அடுத்த அறையில் மைப்பேனா கரகரத்தது. பாடினாள். பேனா நடந்தது. முதல் ஏற்றம் கடந்தது. இரண்டாவது ஏற்றத்தில், அவள் அஞ்சிய அதே இடத்தில், இழை பிரிந்து குரல் காற்றாகிப் போனது.

பேனாவும் நின்றது.

ஓசையே இல்லை. சுருதிமட்டும் பனிபோல் வீட்டை நிறைத்தது. அந்த அமைதிக்குள், ஒரு சுவருக்கு அப்பால், ஒருவர் அடியெடுத்து வைக்காமல் நின்று, பின்னால் வருகிறாளா என்று காது கொடுத்துக் காத்திருப்பதை அவள் உணர்ந்தாள்.

"வாணி," என்று அங்கிருந்தே குரல் வந்தது. அவர் எழுந்து வரவில்லை. "வளைவுல நிக்கறா. மூட்டைய எறக்கி வச்சிட்டா."

"நிக்கட்டும்ங்க. மூச்சு வாங்கிக்கினு வரட்டும்."

அவளும் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு குரல் உடைந்த இடத்துக்கே போய், அங்கிருந்தே பண்ணைத் தொடங்கினாள். அடுத்த அறையில் சாமந்தி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.